நண்டுக் கோலம்

ஜெலுத்தோங், பினாங்கு

பாப்பாவுக்கு,

நேற்று போனில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோலாலம்பூர் மாலில் நீ போட்ட அரிசிக் கோலத்தின் படத்தைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டியாகிவிட்டது. இன்னும் மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள், வேலையை விட்டுவிடட்டுமா என்கிறாய்.

நான் முதலில் உனக்குக் கவுன் மட்டும்தான் தைத்தேன். லிட்டில் இந்தியாவில் துண்டுத் துணி வாங்கி வருவேன். கத்தரிக்கோலை எடுத்த பிறகுதான் என்ன தைப்பது என்றே தோன்றும். பிடிக்காவிட்டால் பிரித்துப் போடுவேன், கேட்க ஆளில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒரு ரவிக்கைக்கு 12 வெள்ளி கொடுத்தார். அந்தக் காசை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

மூன்றே வருடத்தில் தீபாவளிக்கு 40 ரவிக்கை. தைப்பது அதில் பாதி வேலைகூட இல்லை. "கை இறுக்குதே", "பக்கத்துக் கடையில குறைச்சலாச்சே", "காசு அடுத்த மாசம்" என்று வருகிறவர்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்வதுதான் தொழில். ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு ஊக்கு வைத்துத் தைக்கையில் ஊசி விரலில் ஏறிவிட்டது. ஜரிகையில் ரத்தம் படுகிறதா என்றுதான் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை. அந்த வருடம் உனக்குக் கடையில் வாங்கிய பாவாடை. "நீ தைக்கலையாம்மா?" என்று கேட்டாய். உனக்கு மறந்திருக்கும்.

கணக்கும் பார். சேமநிதிக்கு உன் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்குக்கு 12, 13 விழுக்காடு போடுகிறார். வேலையை விட்டால் அவர் பங்கு நின்றுபோகும். தீபாவளியோ வருடத்துக்கு ஒரு தடவை. அது முடிந்ததும் உன் கோலத்தை அள்ளிவிட்டு அதே இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்துவிடுவார்கள்.

செய்யாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. உன் டியூஷன் காசு அந்த ரவிக்கைகளில்தான் வந்தது. ஆனால் மால்காரர்கள் மயில்தான் வேண்டும் என்றார்களாமே? நீ நோட்டில் வரைந்து வைத்திருந்த பத்து பெரிங்கிக் கடற்கரை நண்டு என்ன ஆயிற்று?

இந்தத் தடவை இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. 3 கிலோ அரிசிக்குச் சாயம் போட்டுக் காய வைத்திருக்கிறேன். பச்சை மட்டும் திட்டுத்திட்டாகிவிட்டது. நண்டுக்கு என்ன நிறம் என்று சொல், அதையும் போட்டு வைக்கிறேன்.

அம்மா