மண் அட்டையில மண்ணோட நயத்தையும் (மணல், களி அளவு) எழுதித் தரச் சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தென்காசி.
அனுப்புநர்: சங்கரன்கோவில் வட்டார விவசாயிகள்.

ஐயா, வணக்கம்.

எங்க பக்கம் வரப்புக்கு இந்தாண்ட கரிசல், அந்தாண்ட செவல்னு மாறி மாறிக் கிடக்கு. கரிசல்ல பருத்தி, வத்தல்; செவல்ல எலுமிச்சை, கடலை. கரிசல் தண்ணிய மெதுவா குடிச்சு ரொம்ப நாள் வச்சுக்கும், அளவு மீறி விட்டா மேல தேங்கி வேருக்குக் காத்து போகாம செடி மஞ்சளாயிரும். மணல் கலந்த செவல்ல விட்டது விட்டபடி கீழ இறங்கிரும், போட்ட யூரியாவையும் சேத்து இழுத்துட்டு போயிரும், அங்க கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி விட்டாத்தான் உண்டு.

இப்ப குடுக்குற மண்வள அட்டையில தழை, மணி, சாம்பல் சத்துல ஆரம்பிச்சு போரான், கார அமில நிலை, உப்பு, கரிமம் வரைக்கும் 12 விஷயம் வருது. உரம் போட அது நல்லாவே உதவுது, இல்லைன்னு சொல்லல. ஆனா மணல் எவ்வளவு, களி எவ்வளவுங்கிறது அந்த 12-ல இல்லையே, அது தெரியாம தண்ணி கணக்க எப்படி போடுறது?

சொட்டுநீர் பாசனத்துக்கு சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம்னு அரசு மானியம் தருது, பெரிய உதவிதான். ஆனா பைப் போட வர்ற கம்பெனி ஆளுங்க பயிரையும் ஏக்கரையும் மட்டும் கேட்டுட்டு ரெண்டு மண்ணுக்கும் ஒரே அளவுல போட்டுட்டு போயிடுறாங்க. கரிசல்ல தண்ணி பக்கவாட்டுல பரவும், மணிக்கு 2 லிட்டர் விடுற டிரிப்பர (தண்ணி சொட்டுற முனை) தள்ளித் தள்ளி வச்சாலே போதும். மணல் செவல்ல நேரா கீழ போறதால நெருக்கி வைக்கணும், மோட்டாரையும் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி மறுபடி ஓட்டணும்.

அதனால மண் மாதிரி எடுக்கும்போதே நயத்தையும் பாத்து அட்டையில எழுதித் தரணும். எலுமிச்சை தோட்டத்துல மேல் மண்ண மட்டும் எடுத்தா பத்தாது, ரெண்டடி ஆழத்துலயும் எடுக்கணும், பல இடத்துல அடியில சரளைதான் கிடக்கு. மானியத்துல போடுற சொட்டுநீர் பிளான்ல மண் வகைய கட்டாயம் எழுத வச்சு, அதுக்கேத்த டிரிப்பர் அளவையும் இடைவெளியையும் போட உத்தரவு போடணும். ஒவ்வொரு மண்ணுக்கும் எத்தன நாளைக்கு ஒருக்க தண்ணி விடணும்னு ஒரு வரி சேத்தா இன்னும் நல்லது.

புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி காடு காலியா கிடக்கும்போதே மண் எடுக்க ஏற்பாடு பண்ணுங்க ஐயா.

இப்படிக்கு,
சங்கரன்கோவில் வட்டார விவசாயிகள்