கடல் தானே ஆறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலைப் பற்றிய தங்கள் கட்டுரையில், "எண்ணெய் கொட்டினாலும் கடல் ஓரிரு பருவத்தில் தானே ஆறிவிடும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. நீரோடியில் பிறந்து கரமடி வலை இழுத்து வளர்ந்தவன் நான். அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

டீசல் சில நாட்களில் ஆவியாகிவிடும். அலை மோதும் பாறைகளும் சில ஆண்டுகளில் தேறிவிடும். ஆனால் 2025 மே 25-இல் மூழ்கிய அந்தக் கப்பலில் 84 டன் டீசலோடு 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் இருந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கனத்த எண்ணெய் மணலில் சேர்ந்தால் தார் உருண்டையாகும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துச் சேற்றுக்குள் இறங்கினால் காற்றுப் படாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அலாஸ்காவில் 1989-இல் எக்சான் வால்டெஸ் கப்பல் தரைதட்டிக் கொட்டிய எண்ணெய், இருபது ஆண்டுகள் கழித்துக் கரையைத் தோண்டியபோதும் ஊறி வந்தது. அங்கே 1993-இல் சரிந்த ஹெர்ரிங் மீன்பாடு இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காரணம் எண்ணெய்தானா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். வலையில் மீன் இல்லாததில் யாருக்கும் வாதமில்லை.

மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையேற்றுகிறார்கள். கப்பல் மூழ்கியது அதற்கு ஒரு வாரம் முன்பு. எண்ணெயை முட்டையும் குஞ்சும்தான் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத அளவே போதும்.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. கேரள எல்லையிலுள்ள பொழியூர்க்காரருக்காக வழக்காட ஆள் இருக்கிறது, நல்லது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் அடுத்த ஊரான எங்களுக்கு யார்? அந்தக் கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணை குமரிக் கரையிலும்தான் ஒதுங்கியது. மனுவோடு போன அலுவலகத்தில் "அது கேரள விஷயம்" என்று அனுப்பிவிட்டார்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் போனவர்களைத் தேடச் சொல்லிக் கதறியபோதும் இதே அலைக்கழிப்புதான். கடலரிப்பில் வீடுகள் விழுந்தபோதும் இதேதான். எங்கள் பெயர் நாளிதழில் வர நாங்கள் சாக வேண்டியிருக்கிறது, ஐயா.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை மணலையும் சிப்பியையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும் என்று ஒரு செய்தி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மீனவர்,
நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்