விழிஞ்ஞம் பார்த்துவிட்டு நண்பனுக்கு எழுதியது

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் தை மாதம் என்று எழுதியிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். குடும்பத்தோடு தூத்துக்குடி வந்துவிடுவோம். எங்களுக்கென்று லாட்ஜ் எதுவும் பார்க்காதே, உன் வீட்டு மாடியே போதும். எனக்கு முட்டுவலி தவிர வேறு குறையில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம் குமரி மாவட்டத்து இனயத்துக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்த துறைமுகத்தை நம் ஆட்கள் கறுப்புக்கொடி பிடித்து நிறுத்திவிட்டார்கள், இப்போது பக்கத்திலேயே கேரளத்து விழிஞ்ஞத்துக்குக் கப்பல் கப்பலாக வருகிறது, நமக்கு நட்டம்தானே என்று கேட்டிருந்தாய். போன மாதம் விழிஞ்ஞம் போய், மீன்பிடித் துறைமுகத்தில் நின்று அந்த ராட்சத கிரேன்களைப் பார்த்தேன். நட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை மக்கா.

துறைமுகம் பிரமாதமான துறைமுகம்தான், அதில் சந்தேகமே இல்லை. கரைக்குப் பக்கத்திலேயே 18 முதல் 20 மீட்டர் ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை பத்து கடல் மைல்தான். இவ்வளவு காலம் நம் நாட்டுச் சரக்குப் பெட்டிகள் (கன்டெய்னர்) பல கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்த்தான் பெரிய கப்பல் ஏறின. 2024 ஜூலையில் முதல் பெட்டிக் கப்பல் வந்தது, டிசம்பரில் வணிகப் போக்குவரத்து தொடங்கியது, அடுத்த ஜூனில் உலகின் மிகப் பெரிய பெட்டிக் கப்பல்களில் ஒன்றான எம்எஸ்சி ஐரினாவே வந்து நின்றது.

ஆனால் அதைக் கட்டி முடிக்கப் பட்ட பாடு இருக்கிறதே! 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம், டிசம்பரில் வேலை ஆரம்பம், ஆயிரம் நாளில் முடிப்போம் என்றார்கள். ஒன்பது வருஷம் ஆனது. முக்கியமாக இழுத்தடித்தது அலைதடுப்புச் சுவர். கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு ஆழத்தில் கல்லைக் கொட்டிக் கொட்டி மேலே கொண்டுவர வேண்டும். மேலே லாரி போகிற அகலம் வேண்டுமென்றால் அடியில் அதைப்போலப் பல மடங்கு பரப்பில் கல் நிரம்ப வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் வேலையே ஓடாது. போதாததற்கு 2017-ல் ஒக்கி புயல் வந்து, போட்ட கல்லிலும் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது.

அந்தக் கல்லில் நம் குமரி, நெல்லைக் குவாரிக் கல்லும் உண்டு. களியக்காவிளை ரோட்டில் ராத்திரி பகலாக டாரஸ் லாரிகள் போன காலத்தில், எங்கள் வீட்டுக் கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டில் கையை வைத்தால் கல்தூசியில் விரல் வெள்ளையாகும். கழுவிக் காயவைத்து, மறுபடியும் கழுவுவோம். துறைமுகம் வராத ஊரிலேயே மலை கரைந்தது. வந்திருந்தால்?

பணக் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். மொத்தச் செலவு 8,867 கோடி ரூபாய் என்கிறார்கள். அதில் பாதிக்கும் மேல் கேரள அரசின் பணம். அலைதடுப்புச் சுவரின் முழுச் செலவும் அரசுடையது. மத்திய அரசின் பங்கு 817.80 கோடி, அதையும் வருமானத்தில் பங்காகத் திருப்பித் தர வேண்டும். உங்கள் தூத்துக்குடி வெளித் துறைமுகத்துக்கு அப்படிக் கேட்கவில்லையே என்று கேரளம் வாதாடிப் பார்த்தது, நடக்கவில்லை. மாநிலத்துக்கு வருமானப் பங்கு 2034-ல்தான் தொடங்கும். அதுவரை கடனும் வட்டியும் யார் தலையில்?

என்னை உறங்கவிடாதது அதைவிட வேறு ஒன்று. திரும்பும்போது திருவனந்தபுரம் கடற்கரையில் வலியதுறைப் பக்கமும் போனேன். கடல் வீட்டை எடுத்துக்கொண்டதால் அங்கே சிமெண்ட் குடோனுக்குள் சேலையையும் பலகையையும் தடுப்பாகக் கட்டி வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தினார்கள். 2022-ல் லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபையோடு மீனவர்கள் துறைமுக வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், வேலையை நிறுத்திவிட்டு கடலரிப்பை ஆய்வு செய்யுங்கள் என்று. கடைசியில் வீட்டு வாடகை மாதம் 5,500 ரூபாய் என்ற அளவில் பேச்சு முடிந்தது, வேலையை நிறுத்த அரசு சம்மதிக்கவில்லை. அரிப்புக்குத் துறைமுகம் காரணமில்லை, புயல்தான் என்கிறது அரசு. சுவர் கட்டினால் கரையோரம் நகர்கிற மணல் ஒரு பக்கம் தங்கும், மறுபக்கம் அரிக்கும் என்பது சென்னையில் கண்ணெதிரே நடந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை கடலுக்குள் போனது. விழிஞ்ஞத்தில் எவ்வளவு என்பதைத் திட்டம் போடும்போதே அளந்து, வீடு இழப்பவர்களுக்கு வீடு என்று எஸ்டிமேட்டிலேயே ஒரு தொகை ஒதுக்கியிருக்க வேண்டும். சிப்பி எடுப்பவர்களுக்கும், கரையிலிருந்து வலை இழுக்கும் கரைமடிக்காரர்களுக்கும் நஷ்டஈடு கணக்கிட்டவர்களுக்கு இது மட்டும் ஏன் முடியாது?

இனயத்தில் நம் ஆட்கள் கேட்டதும் அதே கேள்விதான். தேங்காப்பட்டணத்தில் சின்ன மீன்பிடித் துறைமுகத்தையே கட்டிவிட்டு, முகத்துவாரத்து மணல்மேட்டில் வள்ளம் கவிழ்ந்து எத்தனை பேர் போனார்கள் என்று உனக்குத் தெரியும். அதைச் சரிசெய்யாமல் பெரிய துறைமுகம் என்றால் எப்படி நம்புவார்கள்? அவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று நீ எழுதியிருந்த வரி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை மக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அப்புறம், உங்கள் வெளித் துறைமுக வேலை எந்த நிலையில் இருக்கிறது? அங்கே உள்ள மீனவர்களிடம் விசாரித்து எழுது. கல்யாணத்துக்கு வரும்போது இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்