பிக்ஃபுட் நிரூபணமான மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால்? ஸ்கமேனியா கவுண்டி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங்டன் மாநிலம், ஸ்கமேனியா கவுண்டியின் மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். கொலம்பியா ஆற்றின் தென்கரையில், ஒரிகன் பக்கம் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். உங்கள் கவுண்டியில், அதாவது உங்கள் மாவட்டத்தில், எனக்கு வாக்கு கிடையாது. ஆனால் வார இறுதிகளில் உங்கள் மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் தேடும் கூட்டத்தில் நானும் ஒருவன். மடலைத் தமிழில் எழுதுவதற்கும் அதுதான் காரணம். நான் சொல்லப்போகும் கூட்டத்தில் எங்கள் ஆட்களும் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் காதிலும் விழட்டும். உங்களுக்கு ஆங்கிலப் படி தனியே வரும்.

பிக்ஃபுட்டை, அதாவது இந்தக் காடுகளில் நிமிர்ந்து நடப்பதாகச் சொல்லப்படும், சாஸ்க்வாட்ச் என்றும் பெயர் கொண்ட அந்த ரோமம் போர்த்திய பெரிய உருவத்தை, கொல்லக் கூடாது என்று 1969 ஏப்ரல் 1 அன்று உங்கள் முன்னோடிகள் சட்டம் இயற்றினார்கள். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். தேதியைப் பார்த்து ஊர் சிரித்தது. இது முட்டாள்கள் தின வேடிக்கை இல்லை என்று ஆணையர் ஒருவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சிரித்தவர்கள் முன்னுரையைப் படித்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு விலங்கு இருக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு, அதைத் தேடி ஆராய்ச்சியாளர்களும் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களும் ஆயுதங்களோடு வந்து குவிவதைப் பற்றித்தான் அது கவலைப்படுகிறது. சாஸ்க்வாட்ச் இருக்கிறதோ இல்லையோ, இருட்டில் துப்பாக்கியோடு திரிகிறவன் இருக்கிறான். அவன் குறி தப்பினால் விழப்போவது இன்னொரு மனிதன். இந்த விலங்கைப் பற்றி நான் படித்தவற்றில் அந்த முன்னுரை அளவுக்கு விவேகமானது வேறு இல்லை.

என் குறை, அந்த விவேகம் பாதியில் நின்றுவிட்டது என்பதுதான். துப்பாக்கி ஏந்திய ஒருவனை உங்கள் சட்டம் யோசித்திருக்கிறது. அந்த விலங்கு உண்மை என்று நிரூபணமானால் கைபேசி ஏந்தி வரப்போகும் ஐம்பதாயிரம் பேரை யோசிக்கவில்லை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விலங்கு இல்லை என்றே நினைக்கிறேன். 1958-இல் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் சாலை போடும் ஆட்கள் கண்ட பெரிய காலடித் தடங்களிலிருந்துதான் ‘பிக்ஃபுட்’ என்ற பெயர் பரவியது. அந்த வேலையின் ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் 2002-இல் இறந்த பிறகு, அவர் பயன்படுத்தியவை என்று மரத்தில் செதுக்கிய பாதங்களை அவர் குடும்பத்தாரே எடுத்துக் காட்டினார்கள். 1976-இல் எஃப்.பி.ஐ.க்கு ஆய்வுக்கு அனுப்பப்பட்ட முடி, மான் இனத்தினுடையது என்று தெரிந்தது. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து வந்த முடிகளில் முப்பதின் மரபணுவைப் படித்தபோது கரடி, குதிரை, மாடு, மான், ரக்கூன் என்று தெரிந்த விலங்குகளாகவே வந்தன. போதும். இது அந்த வழக்கை மறுபடி நடத்தும் மடல் இல்லை.

ஆனால் நிரூபணத்துக்குக் காத்திருக்காமலேயே மனிதர்கள் இதற்காகச் செத்திருக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் மொன்டானாவில் ஒருவர், பார்ப்பவர்கள் பிக்ஃபுட் என்று நம்பட்டுமே என்று இலைதழை போன்ற மறைப்பு உடையோடு இரவில் நெடுஞ்சாலையில் நின்று, கார் மோதி இறந்தார். 2022-இல் ஓக்லஹோமாவில் மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் நண்பரைக் கொன்றதாகக் கைதானவர், தன்னைத் தின்னக் கொடுக்க நண்பர் பிக்ஃபுட்டை அழைத்துவிட்டார் என்று நம்பியதாகச் சொன்னார். வதந்திக்கே இந்த நிலை என்றால், அரசாங்கமே உண்மை என்று அறிவிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள்.

அன்று மக்கள் பீதியில் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். உங்கள் கவுண்டியின் சொந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை உங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1980 வசந்தத்தில் அது புகைந்துகொண்டிருந்தபோது மக்கள் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பாதைகள் வழியாக உள்ளே போனார்கள். ஸ்பிரிட் ஏரிக்கரையில் வீடு வைத்திருந்தவர்கள் தங்கள் பொருள்களை எடுத்துவர அனுமதி கேட்டுச் சண்டையிட்டார்கள். மே 17 அன்று காவலோடு அவர்களை உள்ளே விட்டார்கள். அடுத்த அணி மறுநாள் காலை பத்து மணிக்குப் போவதாக ஏற்பாடு. மலை 8:32-க்கு வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் தாமதித்திருந்தால் எண்ணிக்கை என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வெடிக்கப்போகும் மலையை நோக்கியே வண்டியை ஓட்டிய மக்கள், எட்டடி உயரத்தில் ரோமம் போர்த்திய சாதுவான ஒரு பிராணி இருக்கிறது என்றால் வீட்டிலா இருப்பார்கள்?

சாதுவான பிராணி என்று சொன்னது வேண்டுமென்றேதான். வெறுப்பைவிடப் பிரியத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். உலகிலேயே உயரமான மரம், ஏறக்குறைய 116 மீட்டர் வளர்ந்த ஹைபீரியன், பிளஃப் கிரீக் இருக்கும் அதே வட கலிஃபோர்னியாவில்தான் நிற்கிறது. 2006-இல் கண்டுபிடித்தபோது இடத்தை வெளியிடவில்லை. இணையத்தில் அது கசிந்தது. பாதையே இல்லாத காட்டில் மக்கள் தாங்களே பாதை போட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பெரணிகள் அழிந்தன. குப்பையும் மலமும் மிஞ்சின. கடைசியில் 2022-இல் தேசியப் பூங்கா அந்தப் பகுதியையே மூடி, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்று அறிவித்தது. அந்த மரத்தின் மேல் யாருக்கும் பகை கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கட்டிப்பிடிக்க வந்தவர்கள்.

இந்த விஷயத்தில் உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மே மாதம் உங்கள் டாக் மவுண்டன் மலையில் மஞ்சள் பூ பூத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் நீங்கள். நெடுஞ்சாலை ஓரம் வரை கார்கள் நின்று விபத்துப் பயம் வந்த பிறகு, 2018 முதல் பூக்காலத்து வார இறுதிகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தப் பாதையில் ஏற முடியாது; ஸ்டீவன்சனிலிருந்து பஸ்ஸும் விடுகிறார்கள். ஒரு பூவுக்கு இவ்வளவு ஏற்பாடு. பன்னிரண்டாயிரம் பேர் மட்டுமே வாழும் உங்கள் கவுண்டியில் சாஸ்க்வாட்ச் நிரூபணமான மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால், எந்தச் சாலையை யார் மூடுவது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? காட்டின் பெரும்பகுதி கிஃபர்ட் பின்ஷோ தேசியக் காடு, அது மத்திய வனத்துறையின் பொறுப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டம் முதலில் வந்து நிற்பது உங்கள் ஷெரீஃபின் சாலையில்தான். போர்ட்லாண்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமை இரவே யார் காரில் எத்தனை பேர், யார் புளியோதரை கொண்டுவருவது என்று முடிவாகிவிடும்.

அந்தக் கூட்டம் எங்கே போய் மிதிக்கும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் காட்டிலுள்ள சாடூத் பெர்ரி வயல்களில் ஒரு பகுதியை யாக்கமா பழங்குடி மக்கள் ஹக்கிள்பெர்ரி என்ற காட்டுப் பழம் பறிப்பதற்கென்று ஒதுக்கி, 1932-இல் வனத்துறை மேற்பார்வையாளரும் அவர்கள் தலைவரும் கைகுலுக்கி ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துக்கூட இல்லாத அந்த ஒப்பந்தத்தை மதித்து நடக்க, அங்கே வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தொலைக்காட்சி வண்டிகளுக்குத் தெரியாது. இந்தப் பகுதிப் பழங்குடிகள் பலரிடம் காட்டில் வாழும் பெரிய உருவத்தைப் பற்றிய கதைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்ற கூச்சலை அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று அவர்களிடமே இப்போதே கேட்டு வையுங்கள்.

வெளியூர்க் கூட்டம் ஒரு மாதத்தில் சலித்துப்போகும். உள்ளூர்க்காரர்களின் எதிர்வினை வேறு மாதிரி இருக்கும், நீண்டும் இருக்கும். பழங்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையை நீங்கள் மறந்திருக்க முடியாது. 1990-இல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு நீதிபதி வில்லியம் டுவையர் தேசியக் காடுகளில் அந்த ஆந்தை வாழும் பகுதிகளில் மர விற்பனையை நிறுத்தினார். 1994-இல் வந்த வடமேற்கு வனத் திட்டம் மூன்று மாநிலங்களில் சுமார் 2.4 கோடி ஏக்கரைத் தழுவியது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியக் காட்டு வருமானத்தில் 25 சதவீதம் கவுண்டிகளின் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் வந்துகொண்டிருந்தது. மர விற்பனை நின்றதும் அதுவும் வற்றியது. ஆந்தையை வறுத்துத் தின்னச் சொல்லும் வாசகங்களைக் காரில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். முக்கால் கிலோகூடத் தேறாத ஒரு பறவை இத்தனைக்கும் காரணம் என்றார்கள். மரம் வெட்டும் வேலை அதற்கு முன்பே இயந்திரங்களிடம் போய்க்கொண்டிருந்ததைப் பேச யாருக்கும் பொறுமை இல்லை.

இப்போது அதே பழங்காட்டில் ஆந்தைக்குப் பதில் நானூறு கிலோ எடையுள்ள ஒரு பேருயிரை வைத்துப் பாருங்கள். அழியும் உயிரினச் சட்டப்படி மத்திய அரசு அவசர அறிவிப்பு ஒன்றை 240 நாள்களுக்குப் பிறப்பிக்கலாம். அன்று முதல் ஒவ்வொரு மர விற்பனைக்கும், ஒவ்வொரு காட்டுச் சாலைக்கும் வழக்கு வரும். உங்கள் நகரத்து உணவகத்தில் ‘அதிசயம்’ என்ற பேச்சு இரண்டு நாள்தான் இருக்கும். மூன்றாம் நாள் எந்தப் பகுதி மூடப்படுகிறது, யாருக்கு வேலை போகிறது என்ற பேச்சு வந்துவிடும். விலங்கைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கவும், சத்தமில்லாமல் புதைக்கவும் சிலருக்கு அப்போது காரணம் கிடைத்துவிடும். இதைத் தடுக்கத் தண்டனை உதவாது. அந்த 25 சதவீதக் கணக்கை யார் ஈடுகட்டுவார்கள் என்று மத்திய அரசிடம் முன்கூட்டியே எழுதி வாங்குவதுதான் உதவும்.

நம்பிக்கையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிரூபணம் அவர்களுக்கு வெற்றி என்று தோன்றும். எனக்கென்னவோ மிகுந்த ஏமாற்றம் அவர்களுக்குத்தான் என்று படுகிறது. சதையும் எலும்புமான குரங்கினம் என்பவர்கள் ஒரு பக்கம், மனத்தால் பேசும், நினைத்தால் மறையும் என்பவர்கள் மறுபக்கம் என்று அவர்கள் ஏற்கெனவே பிரிந்து நிற்கிறார்கள். ஆய்வகம் ஒரு பக்கத்துக்குத்தான் தீர்ப்பு எழுதும். ‘நான் பார்த்தது இது இல்லை’ என்று மற்றவர்கள் தேடலைத் தொடர்வார்கள். அவர்களையும் நீங்கள்தான் காட்டிலிருந்து மீட்டு வரவேண்டும்.

இனி அறிவியலாளர்களின் பங்கு. மலை கொரில்லாவை ஐரோப்பியர் ‘கண்டுபிடித்தது’ 1902-இல் ஒரு ஜெர்மன் படைத்தலைவர் இரண்டைச் சுட்டு வீழ்த்தியபோது. 1921-இல் கார்ல் ஏக்லி நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக மேலும் சிலவற்றைக் கொன்றார். பிறகு மனம் மாறி, அவர் வாதாடியதால் 1925-இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. அந்த வரிசையை மாற்ற முடியும். 2006-இல் அருணாசலப் பிரதேசத்தில் ரமண ஆத்ரேயா புதிய பறவை ஒன்றை, புகுன் லியோசிக்லாவை, உலகுக்கு அறிவித்தபோது அதைக் கொல்லவில்லை. கண்ணில் பட்டவையே மிகச் சில என்பதால், பிடித்த பறவையின் உதிர்ந்த இறகுகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு அதைப் பறக்கவிட்டார். விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொண்டது. சாஸ்க்வாட்சுக்கும் இதுவே போதும், உடல் வேண்டாம் என்று உங்கள் சட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். கண்ட இடத்தை வெளியிடக் கூடாது என்று இன்னொரு வரி. 1999-இல் தென் சீனத்தில் ஒரு பல்லியினத்தை விவரித்த கட்டுரை இடத்தையும் சொன்னது. வியாபாரிகள் அதைப் படித்துவிட்டுப் போய் அந்த இடத்திலிருந்தே பல்லியைத் துடைத்தெடுத்துவிட்டார்கள்.

1984-இல் நீங்கள் செய்த திருத்தத்தில் தண்டனையை ஓராண்டு, ஆயிரம் டாலர் வரை என்று குறைத்தீர்கள். கவுண்டியையே சாஸ்க்வாட்ச் புகலிடம் ஆக்கினீர்கள். இறந்த உடலைப் பார்த்து மரண விசாரணை அதிகாரி ‘மனித இனம்’ என்று சொன்னால் கொலை வழக்கு, ‘குரங்கினம்’ என்றால் இந்தச் சட்டத்தின்படி வழக்கு என்றும் சேர்த்தீர்கள். துணிச்சலான பிரிவுதான். ஆனால் அது மனிதனா விலங்கா என்ற கேள்வி செத்த பிறகு மட்டும் எழுகிறது. உயிரோடு ஒன்று பிடிபட்டால் அதைக் கூண்டில் அடைக்கலாமா, யார் காவலில் இருக்கும், அதன் சார்பில் நீதிமன்றத்தில் யார் நிற்பார் என்பதற்குப் பதில் இல்லை. நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் ‘ஹேப்பி’ என்ற யானைக்கு மனிதர்க்குரிய விடுதலை உரிமை இல்லை என்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தீர்ப்பளித்தது. யானைக்கே இரண்டு நீதிபதிகள் பரிந்து பேசியிருக்கிறார்கள். நிமிர்ந்து நடக்கும் ஒன்றுக்கு எத்தனை பேர் பேசுவார்கள் என்று உங்கள் அரசு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இவ்வளவையும் மிகையென்று நினைப்பவர்களுக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. புதிய பெருங்குரங்கு ஒன்றை அறிவியல் உண்மையிலேயே அறிவித்தது, 2017 நவம்பரில். சுமத்ராவின் தபனூலி ஒராங்குட்டான். எண்ணூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அறிவித்த பிறகும் அதன் காடான பாத்தாங் தோருவில் நீர்மின் திட்டத்தின் கட்டுமானம் நடந்தது. சில நாள் செய்தி வந்தது, படத்தைப் பகிர்ந்தார்கள், முடிந்தது. பிக்ஃபுட்டுக்கும் ஆரவாரம் இதைவிடப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ஆரவாரம் ஓய்ந்த பிறகு வருடக்கணக்கில் காவலுக்கு நிற்கப்போவது உங்கள் சிறிய அலுவலகம். ஆகவே அதற்கான பணமும் அதிகாரமும் செய்தி சூடாக இருக்கும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கும்படி, கோரிக்கையை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத் திருத்தத்துக்குப் பொதுமக்கள் கருத்து கேட்கும் கூட்டம் வைத்தால் அறிவியுங்கள். ஸ்டீவன்சனுக்கு வந்து, எனக்குத் தரும் மூன்று நிமிடத்தில் சாலை மூடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு தமிழன்