ஜிம்மியும் பழைய கோச்சிப்பாதையும்

அன்புள்ள மகளுக்கு,

ஜிம்மி நன்றாகச் சாப்பிடுகிறான். நீ போன முதல் வாரம் கதவடியிலேயே கிடந்தவன், இப்போது பின்னேரமானால் தன் கயிற்றைக் கவ்விவந்து என் காலடியில் போடுகிறான்.

வெள்ளிக்கிழமை லண்டன் ஹைகேற் முருகனைக் கும்பிட்டு வந்த கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு பார்க்லாண்ட் வோக்கில், அந்தப் பழைய ரயில் ஓடிய கோச்சிப்பாதையில், இறங்கினேன். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருந்தது. பிளாக்பெரிப் பற்றைகள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. கிரவுச் எண்ட் பழைய ஸ்ரேசனில், நீ வழமையாக பிஸ்கட் கொடுக்கிற இடத்தில் அவன் இருந்துவிட்டான். நான் பிஸ்கட் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் நானும் இருந்தேன்.

மேடை ஓரத்துக் கல்லிடுக்கில் ஒரு மஞ்சள் பூ. சின்னனில் நீ பெயர் கேட்டாய், எனக்குத் தெரியவில்லை. இப்போது படித்துவிட்டேன்: ஒக்ஸ்போர்ட் ராக்வோர்ட். சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் பிறந்த வம்சம். ஒக்ஸ்போர்ட் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது வெளியே தப்பி ஊர் மதில்களில் முளைத்தது. பிறகு ரயில் வந்தது. பாதையில் கொட்டிய கல்லும் கரிக்கட்டியும் எரிமலை மண் போலவே இருக்க, கோச்சி கிளப்பிய காற்றில் விதை பறந்து நாடெங்கும் போனது.

மகள், உனக்குச் சொல்லாத ஒன்று. அந்த நாளில் அம்மாதான் உன்னை இங்கே கூட்டிவருவா. எனக்கு வேலை என்று சாட்டுச் சொல்லுவேன். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வளவுக்குப் பின்னால்தான் கோச்சிப்பாதை. கோச்சிச் சத்தம் கேட்டுத்தான் அப்பம்மா உலை வைப்பா. 1990இல் சண்டையால் அது நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும், குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கர்களுக்குப் போயின. எங்கள் பங்கருக்கும் நானும் அப்பப்பாவும் இரண்டு கட்டை தூக்கிவந்தோம். பாதை முழுக்க எருக்கலையும் நாயுருவியும் மூடிவிட்டன. அதனால் பூ மூடிய கோச்சிப்பாதை என்றாலே எனக்கு பங்கருக்குள் இருந்த ஈரமண் மணம்தான் வரும்.

இங்கே பயணிகள் கோச்சி நின்றது 1954இல். தண்டவாளத்தைக் கழற்றி, 1984இல் சனம் நடக்கத் திறந்துவிட்டார்கள். ஒளிந்துகொள்ள யாரும் அதைக் கழற்றவில்லை. இதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும், ஆனாலும் கால் போகவில்லை. ஜிம்மிதான் ஒவ்வொரு நாளும் இழுத்துப் பழக்கினான்.

கோண்டாவிலுக்கு 2015இல் திரும்பக் கோச்சி வந்தது. ஒருமுறை உன்னோடு அதில் போகவேண்டும். அதற்கு முதல், ஆவணியில் நீ வரும்போது பிளாக்பெரி பழுத்திருக்கும். பிஸ்கட்டை இப்போது சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா