லென்ஸோடு வருகிறவனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சேகர் சொன்னான், நிம்மதியாக இருந்தது. அவன் இன்னும் எல்லோருக்கும் கடன் கொடுத்துவிட்டு முழிக்கிறானாமே, திருந்தவே மாட்டானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமராவுக்கு 600 மி.மீ. லென்ஸ் வாங்கியாயிற்று, மே மாதம் வந்து பறவைக் கூடுகளாகப் படமெடுத்துத் தள்ளப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன ஞாயிற்றுக்கிழமை மெரிட் தீவு வனவிலங்குப் புகலிடத்துக்குப் போயிருந்தேன். ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தை ஒட்டிய சதுப்பு நிலம். பிளாக் பாயின்ட் என்று 7 மைல் ஒருவழிப் பாதை, காரிலேயே சுற்றலாம். ஒரு சேற்றுத் திட்டில் நெடுங்கால் உள்ளான் அடைகாத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் எழுந்து தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டது. இறகு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, அந்த நீளக் கால்களை மடித்து முட்டைகள்மேல் மெல்ல உட்கார்ந்தது. அந்த ஈரம்தான் முட்டைக்குக் குளிர்ச்சி. கொஞ்ச நேரத்தில் ஜோடி வந்து இடம் மாற்றிக்கொண்டது, அதுவும் வயிறு நனைந்தபடி! நான் எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கார் சும்மா நின்றால் பறவைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. ஆள் இறங்கினால்தான் பதறும்.

அப்போது ஒருவர் கேமரா முக்காலியோடு கரையில் இறங்கினார். உள்ளான் கத்திக்கொண்டே எழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் சேற்றில் புரண்டது. தன் பின்னால் வரட்டும் என்று போடும் நாடகம் அது. அவர் அதையும் படமெடுத்தார். நாலு முட்டையும் வெயிலில் கிடந்தன. போய்ச் சொன்னேன். "இரண்டே நிமிஷம்" என்றார். முருகேசா, எனக்கு வந்த கோபம்! அந்த வெயிலில் முட்டைக்குள் இருக்கும் கருவுக்குச் சூடுதான் எமன். காகம் வேறு, எந்தப் பறவை எங்கிருந்து எழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும்.

"பறந்து போகவில்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய கடற்கழியிலேயே தெற்கே பெலிக்கன் தீவு இருக்கிறது. 1903 மார்ச் 14 அன்று அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம்; அமெரிக்கப் புகலிடங்கள் அங்கிருந்துதான் தொடங்கின. அந்தக் காலத்தில் பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று கொக்குகளைச் சுட்டுக் குவித்தார்கள். மெல்லிய முதுகு இறகு கூடு கட்டும் காலத்தில்தான் வரும். அப்போது தாயும் தகப்பனும் குஞ்சுகளை விட்டு லேசில் நகராது. அந்தப் பாசத்தை நம்பித்தான் துப்பாக்கியோடு போனார்கள். தாய் தகப்பனைச் சுட்டுவிட்டால் குஞ்சு பட்டினியில் சாகும். கூட்டை விட்டுப் போகாத பறவையைப் பார்த்து, அதற்கு நம்மால் தொந்தரவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே என் பேச்சைக் கேள். கூடு பக்கத்தில் இருந்தால் காரைவிட்டு இறங்காதே. மறைக்கிற கிளையை ஒதுக்காதே, ஒடிக்காதே. கூட்டுக்கு நிழலே அந்தக் கிளைதான். பறவை தலையைத் தூக்கி உன்னையே பார்த்தால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடு. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் அனுப்பாதே, சேகருக்குக்கூட. விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பருந்து மாதிரிப் பறவை) கூடு உயரத்தில் இருக்கும். உன் லென்ஸுக்குப் பாதையிலிருந்தே தாராளமாகக் கிடைக்கும்.

முக்காலி வேண்டாம், லென்ஸைத் தாங்க ஜன்னலில் வைக்க ஒரு துணிப்பை போதும். விமானத் தேதி முடிவானதும் உடனே எழுது, லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ரவி