கம்பெனி செட்டைக் கழற்றச் சொன்னோமா? நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சென்னை ஜி.பி. ரோட்டில் நம் கார் ஸ்டீரியோ கடைக்கு வந்துபோகும் பலர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கம்பெனி செட்டைக் கழற்ற வைத்துக் காசு பிடுங்கிவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். கம்பெனி செட் என்றால் கார் வாங்கும்போதே அதில் வரும் ஸ்டீரியோ. பின்னால் நம் கடைப் பலகை தெரிகிறது. வேலை தாமதம், விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

கம்பெனி செட்டைக் கழற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. சொல்லப்போனால், வேண்டாம் என்று தடுத்தவர்கள்தான் அதிகம். இப்போது வரும் வண்டிகளில் ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், சிலவற்றில் ஏசி விவரம்கூட அந்தத் திரையோடு சேர்ந்தே இருக்கிறது. அதில் கை வைத்தால் ஒன்று வரும், இன்னொன்று போகும். புது செட்டின் பெட்டியில் "50 வாட்ஸ், 4 சேனல்" (சேனல் என்றால் ஒரு ஸ்பீக்கருக்கான லைன்) என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது நொடிநேர உச்சம். தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். வண்டியின் 12 வோல்ட் கரண்டில் சத்தத்தைக் கூட்டும் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல் அதற்கு மேல் பெரிதாக எடுக்க முடியாது. கம்பெனி செட்டும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சத்தத்துக்காக மட்டும் ஸ்டீரியோ மாற்றுவது வீண் செலவு என்று கல்லாவில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறேன்.

குறை பெரும்பாலும் கதவுக்குள் இருக்கிறது. கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றிப் பழைய ஸ்பீக்கரை உங்கள் கையிலேயே கொடுப்போம், நினைவிருக்கும். பிளாஸ்டிக் கூடு, காகிதக் கோன், பின்னால் சின்னக் காந்தம். மறு கையில் புது ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரை வாங்கியதும் எடையே சொல்லிவிடும். அப்புறம் கதவுத் தகட்டைத் தட்டிக் காட்டுவோம், 'டங்' என்று எண்ணெய் டின் மாதிரி அதிரும். அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டிவிட்டு அதே இடத்தில் தட்டினால் 'தொப்'. இந்த இரண்டையும் செய்தாலே பலருக்குப் போதும். இன்னும் வேண்டுமென்றால் கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் லைனிலிருந்தே சிக்னல் எடுத்து ஓர் ஆம்ப் வைக்கலாம். ப்ளூடூத்கூட இல்லாத பழைய வண்டிகளுக்குத்தான் செட்டையே மாற்றச் சொல்வேன்.

வீடியோ எடுத்தவரிடமும் இதையெல்லாம் சொன்னேன். பெரிய திரைதான் வேண்டும் என்று அவர் கேட்டார், போட்டுக் கொடுத்தோம். ஒயரை வெட்டாமல் செட்டை இணைக்கும் கப்ளர் கிடைக்காமல் இரண்டு ஒயரை வெட்டி இணைக்க வேண்டியிருந்தது, அதை முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம். அவருடைய பழைய செட் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. வந்தால் காசு வாங்காமல் திரும்ப மாட்டித் தருகிறேன்.

நம் கடையில் பல வருடம் ஒயரிங் பார்த்த தம்பி தனியாகக் கடை போட்டுவிட்டார். நல்லா இருக்கட்டும். புதுப் பையன்கள் கை பழகும்வரை ஒரு நாளைக்கு மூன்று வண்டிதான், போன் செய்துவிட்டு வாருங்கள். இனி எந்த வண்டிக்கும் கப்ளர் வந்தபிறகே வேலை. செம்பு விலை ஏறினாலும் செம்பு பூசிய அலுமினிய ஒயரை ஆம்புக்குப் போட மாட்டேன், அது சூடாகும். அதனால் அடுத்த மாதம் முதல் ஃபிட்டிங் கூலி 800 ரூபாயிலிருந்து 1,200 ஆகிறது.

மாருதி 800-க்குக் கேசட் செட் போட்டுக்கொண்டு போனவர்கள் இன்று மகன் வண்டியோடு வருகிறீர்கள். வீடியோ வந்த அன்று இரவே "நாங்கள் இருக்கிறோம் அண்ணே" என்று போன் செய்தவர்களை மறக்க மாட்டேன். மனமார்ந்த நன்றி.

வரும்போது தினமும் கேட்கும் பாட்டைப் போனில் கொண்டுவாருங்கள். முதலில் கம்பெனி செட்டிலேயே போட்டுக் கேட்போம். அதுவே போதும் என்று பட்டால் ஒரு டீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், கூலி கிடையாது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்